ஜன்னல் ரூமும் அமுக்குணி படங்களும்

"அந்த ரூம் எனக்குத்தான். இதுல மறுபேச்சே கிடையாது!"

இப்படி நான் கர்ஜிச்சது கண்ணாடி முன்னாடி நின்னு, ஷேவ் பண்ணும்போது. கண்ணாடியில இருந்தவன் உடனே ஒத்துக்கிட்டான். நல்ல மனுஷன். எங்க வீட்டுல நான் சொல்றதுக்குத் தலையாட்டுற ஒரே ஆள் அவன்தான்.

விஷயம் இதுதான். எங்க வீட்டுல ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, நடுவுல பாத்ரூம் வரைக்கும் ஒரு நடை. ரெண்டாவது ரூம் சின்னது. ஆனா அதுக்கு ஜன்னல் உண்டு. தெருவைப் பாத்த ஜன்னல். ரெண்டு வருஷமா அதுல என் மச்சான் இருந்தான். என் சம்சாரத்தோட தம்பி. 'வேலை கிடைக்கிற வரைக்கும்'னு வந்தான். வேலை கிடைச்சுது. ஆபீஸ் பக்கத்துலயே இருக்குன்னு தங்கிட்டான். போன வாரம் கம்பெனி அவனை வேற ஊருக்கு மாத்திடுச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவன் கிளம்பினப்ப என் சம்சாரம் அழுதா. நானும் அழுதேன். என்னுது ஆனந்தக் கண்ணீர். தண்ணி ஒண்ணுதானே, யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?

அவன் ஆட்டோ திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரும் அந்த ரூம் வாசல்ல நின்னோம். அவ ரூமைப் பாத்தா. நான் ரூமைப் பாத்தேன். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பாத்துக்கல.

அவ தையல்காரி. ரெண்டு வருஷமா மிஷின் போட்டிருக்கறது நடையில. நான் பாத்ரூம் போகணும்னா அவ எந்திரிக்கணும், ஸ்டூலை நகத்தணும், தைக்கிற துணியைத் தோள்ல போட்டுக்கணும். அவசரம்னா நான் தாண்டணும். ஒருதடவை தாண்டி, ஒரு கவுனைக் கால்ல மாட்டிக்கிட்டே உள்ள போயிட்டேன். அந்தக் கவுனுக்குச் சொந்தக்காரம்மா அப்ப நடையிலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. அளவு எடுக்கறதும் நடையில. போட்டுப் பாக்கணும்னா பாத்ரூம். அதுக்கே கூச்சப்பட்டு நாலு கஸ்டமர் வர்றதை நிறுத்திட்டாங்க.

ஆக, நியாயம் யார் பக்கம்னு கேட்டீங்கன்னா, அவ பக்கம்தான். சந்தேகமே இல்ல. அதனாலதான் எனக்குத் தந்திரம் தேவைப்பட்டுச்சு. நியாயம் கையில இருக்கறவனுக்கு எதுக்குங்க தந்திரம்?

எனக்கு எதுக்கு ரூம்? சொல்றேன். நான் இன்ஜினியரிங் மூணு வருஷம் படிச்சுட்டு நாலாவது வருஷம் 'போதும், அறிவு வழியுது'ன்னு வெளிய வந்தவன். தெருவுல என் பேரு முக்கா இன்ஜினியர். அப்புறம் நாலு வேலை பாத்து, இப்ப மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கேன். லென்ஸைத் தேய்ச்சு ஃப்ரேம்ல உக்கார வைக்கறது ஒரு வேலை. கீழ விழுந்த ஸ்க்ரூவைத் தரையில தேடறது இன்னொரு வேலை. முதல் வேலை பார்ட் டைம்.

ஆனா கடையில எனக்கு ஒரு கௌரவம் இருக்கு. திகில் பட நிபுணர்! சாதாரணத் திகில் இல்ல, சைக்காலஜிக்கல் திகில். அதாவது, பேய் வராது. வரும்னு நாமளே நினைச்சு நாமளே பயந்துக்கணும். டிக்கெட்டும் நம்மது, பேயும் நம்மது. இந்த மாதிரிப் படமாவே எடுக்கிற ஒரு டைரக்டர் இருக்காரு. மூணே படம்தான் எடுத்திருக்காரு. எங்க வீட்டுல அவருக்கு 'அமுக்குணி'ன்னு பேரு. ஏன்னா அவர் படத்துல யாரும் அலற மாட்டாங்க, ரத்தம் வராது. அமைதியா ஒரு கதவைக் காட்டுவாரு. நாமதான் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்குவோம்.

மூணு படத்தையும் நான் பதினோரு தடவை பாத்திருக்கேன். கடைக்கு வர்றவங்ககிட்ட, பவர் செக் பண்ற நேரத்துல கூட, எந்தப் படம் உசத்தின்னு ஒப்பிட்டுப் பேசுவேன். கீழ் வரிசை எழுத்துத் தெரியாதவங்க கூட என் பேச்சைக் கேட்டு மிரண்டு கண்ணை அகலமாத் திறப்பாங்க, எழுத்து தெரிஞ்சிடும்.

இப்ப உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். வெளிய போகக்கூடாது.

அந்தப் படங்களை நான் சத்தம் வச்சுப் பாத்ததே இல்ல.

எனக்குப் பயம்ங்க. கண்ணால பாக்கறதைச் சமாளிச்சுடுவேன். காதுல விழுந்தாத்தான் கை கால் ஓடாது. அதனால பெரிய ஹெட்போன் ஒண்ணு வாங்கினேன். படம் டிவியில ஓடும், ஊமையா. ஹெட்போன்ல போன்ல இருந்து காமெடி ஓடும். பாக்கறவங்களுக்கு, 'ஆகா, மனுஷன் படத்துல எப்படி மூழ்கியிருக்கான்!' நான் மூழ்கினது காமெடியில.

இப்படிப்பட்ட எனக்கு ஜன்னல் ரூம் ஒரு தனித் தியேட்டரா அமைஞ்சா? கதவைச் சாத்திட்டா நான் எதைப் பாக்குறேன், எதைக் கேக்குறேன்னு யாருக்குத் தெரியும்? பெருமை வெளிய, காமெடி உள்ள.

அன்னைக்குச் சாயங்காலமே காயை நகத்தினேன்.

"இந்தா, ஒரு போட்டி வச்சுக்கலாமா?"

அவ பாபினுக்கு நூல் சுத்திக்கிட்டே, "பாத்திரம் தேய்க்கறதுலயா?"ன்னா.

"சே! அறிவுப் போட்டி. அமுக்குணி படத்துல எது நல்ல படம், ஏன் நல்ல படம்னு ரெண்டு பேரும் பேசணும். யாரு நல்லா ஒப்பிட்டுப் பேசறாங்களோ அவங்களுக்கு ரூம்."

நான் ஏன் தைரியமாச் சொன்னேன்னா, அவ டிவியைப் பாத்தே நான் பாத்ததில்ல. எப்பவும் முதுகைக் காட்டித்தான் உக்காந்திருப்பா. ஊசியில இருந்து கண்ணை எடுக்க மாட்டா. எடுத்தா விரல் போயிடும்.

"நான் எங்கங்க படம் பாக்குறேன்?"ன்னு இழுத்தா.

"பாக்கலேன்னா இப்பவே தோத்துட்டேன்னு சொல்லிடு."

"அய்யோ, அப்படி இல்ல. ஏதோ எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நடுவர் யாரு?"

"நீயே சொல்லு." ஜெயிக்கப் போறவன் எப்பவும் தாராளமா இருப்பான்.

"மாடி வீட்டு அக்கா?"

மாடி வீட்டு அக்கா பல் டாக்டர்கிட்ட நர்ஸு. பல் அக்கா, பல் அக்கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேஞ்சு, பல்லக்கா ஆயிட்டாங்க. ஒருத்தர் வாயைத் திறக்க வைக்கறதும் அவங்களுக்கு வரும், மூட வைக்கறதும் வரும். அமுக்குணி படத்தை அவங்க தியேட்டர்லயே பாத்தவங்க. சரின்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. காலியான ஜன்னல் ரூம்லயே போட்டி. பல்லக்கா நாற்காலியில. நாங்க எதிரும் புதிருமா. நான் கடைக்குப் போற சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தேன். அவ கையில, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க ஒரு சட்டையோட வந்து உக்காந்தா.

"ஆரம்பிங்க தம்பி. பன்னெண்டு மணிக்கு நான் குழம்பு வைக்கணும்"னாங்க பல்லக்கா.

நான் எந்திரிச்சு நின்னேன். ஜன்னலோரமா. வெளிச்சம் முகத்துல படற மாதிரி.

"பெரியோர்களே! இந்த மாதிரிப் படத்தையெல்லாம் எப்படிப் பாக்கணும்? தனியாப் பாக்கணும். கதவைச் சாத்திட்டுப் பாக்கணும். முழுச் சத்தத்துல பாக்கணும்! ஹெட்போன் மாட்டிப் பாக்கறது கலைஞனுக்குச் செய்யற துரோகம். இத்தனை நாளா வேற வழியில்லாம அந்தத் துரோகத்தை நான் செஞ்சேன். காரணம், எனக்கு ரூம் இல்ல!"

"அடடா"ன்னா என் சம்சாரம். காஜாவைப் பாத்துக்கிட்டே.

"படத்துக்கு வாங்க"ன்னாங்க பல்லக்கா.

"வர்றேன். அமுக்குணி எடுத்ததுல முதல் இடம் 'நாலாவது நாற்காலி'. ரெண்டாவது 'எதிர் ஜன்னல்'. கடைசி 'ஈரத் துண்டு'."

"ஈரத் துண்டு கடைசியா?" என் சம்சாரம் நிமிந்தா.

"பின்ன? ஒருத்தி தினம் காலையில பாத்ரூமுக்குப் போறா. கொடியில தொங்கற துண்டைத் தொட்டுப் பாக்கறா. முழிக்கிறா. ரெண்டு மணி நேரமும் இதான். துண்டு எப்பக் காயும்னு நாம உக்காந்து பாக்கணும். அதுக்கு மொட்டை மாடியில போய் நம்ம துண்டைப் பாக்கலாம், காத்தாவது வரும்."

"என்னங்க சொல்றீங்க! அவ வீட்டுல தனியா இருக்கா. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்வா. அரை நொடி கழிச்சு, பின்னாலயே இன்னொருத்தி அதே பாட்டை முணுமுணுப்பா. அவ நிறுத்தினா, இது மட்டும் அரை நொடி கூடப் போய் நிக்கும். அந்த அரை நொடிக்கே என் ஊசி கை நழுவிடுச்சு. உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முணுமுணுப்பா? யாரு? எப்ப? பதினோரு தடவை பாத்த படத்துல எனக்குத் தெரியாம ஒரு ஆள் இருக்காளா?

சமாளிச்சேன். "அது... அது தெரிஞ்சதுதானே. அதெல்லாம் சின்ன விஷயம். 'நாலாவது நாற்காலி'க்கு வா. என்ன படம்! திகில் படம்னு சொல்லிட்டு, உள்ள ஒரு அருமையான குடும்பக் கதையை வச்சிருக்கான் பாருங்க, அங்கதான் அமுக்குணி நிக்கிறான். ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. தினம் சாயங்காலம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க. அவ மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு நாலாவது நாற்காலியில உக்காருவா. அவன் பேசிக்கிட்டே இருப்பான். அவ சிரிச்ச முகமாக் கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு தடவை எதிர்த்துப் பேசினது கிடையாது! அப்படி ஒரு தம்பதியை நான் சினிமாவுல பாத்ததில்ல. வீட்டுலயும் பாத்ததில்ல."

காஜா எடுத்துக்கிட்டிருந்த ஊசி நின்னுச்சு.

என் சம்சாரம் மெதுவாக் கேட்டா. "எந்தப் பொண்டாட்டி?"

"அந்தப் படத்துல வர்றவ."

"அந்தப் படத்துல பொண்டாட்டியே இல்லையே?"

"என்ன விளையாடறியா? மஞ்சள் கவுன்!"

"ஆரம்பத்துல டாக்டர் போன் பண்றாரு. அதுக்கப்புறம் படம் முழுக்க ஒரே ஆம்பளைதாங்க. தனியாப் பேசிக்கிட்டே இருக்கான், பாவம். ஒரு ஸ்பூன் சத்தம். ஒரு நாற்காலி கிறீச்சிடற சத்தம். ஒரு ஆள் நடக்கற சத்தம். ஒருத்தன் வீட்டுல தனியாப் பேசிக்கிட்டிருக்கறதுல என்ன திகில்? நீங்க கூடத்தான் பேசறீங்க. அதான் எனக்கு அந்தப் படம் கடைசி."

"என் கண்ணால பாத்தேன்! எதிர்ல உக்காந்திருக்கா!"

"என் காதால கேட்டேன்! ஒரு வார்த்தை பேசல!"

"அடக்கமான பொண்ணு, பேசல!"

"தட்டுல ஸ்பூன் கூடவா அடக்கமா இருக்கும்?"

பல்லக்கா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. டென்னிஸ் பாக்கற மாதிரி. அப்புறம் கையைத் தூக்கினாங்க.

"ஒரு நிமிஷம். தம்பி, அந்தப் பொண்ணு முதல்ல இருந்தே ஆஸ்பத்திரியில, பத்தாவது நிமிஷத்துலயே செத்துடறா. டாக்டர் போன்ல சொல்றாரு."

"போனா? ஆமா, ஒரு போன் வரும். அவன் அழுவான். வேலையில பிரமோஷன் போலருக்குன்னு நான்..."

"பிரமோஷனுக்கு யாராவது செவுத்துல முட்டிக்கிட்டு அழுவாங்களா?"

"எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல, நான் எப்படிக்கா சொல்றது?"

"ஏம்மா, உனக்கு?" பல்லக்கா அவ பக்கம் திரும்பினாங்க. "செத்தவ எதிர்ல வந்து உக்காந்திருக்கா. நமக்குத் தெரியறா, சத்தம் மட்டும் வராது. அதான்மா படமே! உனக்கு அவ இருக்கறதே தெரியலையா?"

"நீங்க கடைக்குப் போனப்புறம் போன்ல ஓட விட்டுட்டுத் தைப்பேன்"னு என்னைப் பாத்துச் சொன்னா. "பாட்டு கேக்கற மாதிரி. தைக்கறப்ப எங்க நிமிந்து பாக்கறது? போனைக் கவுத்துத்தான் வச்சிருப்பேன்."

பல்லக்கா எங்க ரெண்டு பேரையும் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாங்க. வேர் வரைக்கும் சொத்தையான பல்லைப் பாத்து விடற பெருமூச்சு.

"ஒருத்தர் கேக்காமப் பாத்திருக்கீங்க. ஒருத்தர் பாக்காமக் கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரையும் சேத்துத் தைச்சாத்தான் ஒரு படம் வரும். எப்படித் தீர்ப்பு சொல்றது?"

எனக்கு வேர்த்துடுச்சு. குட்டு உடைஞ்சாச்சு. போச்சு, ரூம் போச்சு, நிபுணர் பட்டம் போச்சு, நாளைக்குக் கடைக்குள்ள எந்த மூக்கை வச்சுக்கிட்டு நுழையறது?

அப்பத்தான் என் சம்சாரம் அதைச் சொன்னா.

"அக்கா, ரூமை அவருக்கே குடுத்துடுங்க."

பல்லக்காவுக்கே தாடை இறங்கிடுச்சு.

"முதல்ல அவர் சொன்னாரே, அது உண்மைதானே? இந்த மாதிரிப் படத்தைத் தனியா, கதவைச் சாத்திட்டு, முழுச் சத்தத்துல பாக்கணும். ரூம் இல்லாததாலதானே பாவம், ஹெட்போன்ல எதையோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. ரூம் குடுத்தா ஒழுங்காப் பாப்பாரு. எனக்கு நடையே போதும்."

பல்லக்கா அவளை ஒரு பார்வை பாத்தாங்க. அவ காஜாவைப் பாத்தா. பல்லக்கா தொண்டையைக் கனைச்சாங்க.

"தீர்ப்பு. ரூம் தம்பிக்கு. ஆனா சொன்ன மாதிரியே பாக்கணும். தனியா, கதவு சாத்தி, முழுச் சத்தம். ஹெட்போனைக் காதுல பாத்தேன்னா ரூம் கைமாறும். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஸ்பீக்கர் இருக்கு, இப்பவே அனுப்பறேன்."

அவங்க வீட்டுக்காரருக்கு மேடைக்கு சவுண்டு கட்டற தொழில். டிவியை நான் ஜன்னல் ரூமுக்கு மாத்தினேன். மத்தியானம் ரெண்டு ஸ்பீக்கர் வந்து இறங்குச்சு. என் இடுப்பு உயரம். ஐயாயிரம் பேருக்குக் கேக்கற ஸ்பீக்கர். நான் ஒரு ஆள். ஆளுக்கு எவ்வளவு பயம்னு வகுத்துப் பாத்தேன். வகுக்கவே வேணாம், முழுசும் எனக்குத்தான்.

"எந்தப் படம் போடப் போறீங்க?"ன்னு கேட்டா, ஜன்னலைச் சாத்திக்கிட்டே.

"நாற்காலி..."

"அது வேணாங்க. கதை தெரிஞ்சு போச்சு. ஈரத் துண்டு போடுங்க. எனக்குப் பிடிச்ச படம், நீங்களும் ஒருதடவை கேக்கணும்னு ஆசை."

பொண்டாட்டி ஆசையா ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஈரத் துண்டைப் போட்டா. கதவைச் சாத்திட்டுப் போயிட்டா.

பட்டப்பகல் மூணு மணிங்க. தெருவுல பசங்க பந்து விளையாடறாங்க. நான் ஆம்பளை. எனக்கு என்ன?

சொட்டு. சொட்டு. சொட்டு. படத்துல குழாய் ஒழுகுது. பதினோரு தடவை பாத்த குழாய்தான். ஆனா அதுக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும். அந்தப் பொம்பளை முணுமுணுத்துக்கிட்டே வர்றா. நல்ல பாட்டு. அவ நிறுத்தினா. பாட்டு நிக்கல.

அரை நொடிதான். அந்த அரை நொடியில என் முதுகுத்தண்டு வழியா ஒரு எறும்புக் குடும்பமே குடி போச்சு.

இருபது நிமிஷம் தாக்குப் பிடிச்சேன். எப்படின்னா, தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு நானே தைரியம் சொல்லிக்கிட்டு, அந்தப் பாட்டையே நானும் முணுமுணுத்தேன். பழகிட்டா பயம் போகும்னு யாரோ சொல்லியிருக்காங்க. டிவியை ஒரு நிமிஷம் நிறுத்தி வச்சுட்டு முணுமுணுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நிறுத்தினேன்.

பாட்டு நிக்கல.

படம் நின்னிருக்கு. ஸ்பீக்கர் நின்னிருக்கு. நான் நின்னுட்டேன். எங்கேயோ, சுவத்துக்குள்ள இருந்து, ம்ம்ம்ம்ம்னு. அரை நொடி.

நான் கதவைத் திறந்தேனா, கதவு என்னைத் திறந்துச்சான்னு தெரியாது. நடையில போய் நின்னேன். என் சம்சாரம் மிஷின் முன்னாடி உக்காந்து, ஒரு வெள்ளைக் கோட்டுக்கு மடிப்புக் குத்திக்கிட்டிருந்தா.

"நீ பாடினியா?"

"ம்ம்?"ன்னு நிமிந்தா. அப்புறம் வாயில இருந்து ஒவ்வொண்ணா எடுத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு குண்டூசி. "வாயில இத்தனை ஊசியை வச்சுக்கிட்டு எப்படிங்க பாடுவேன்?"

நியாயம்தானே? வாயில குண்டூசி வச்சுக்கிட்டுப் பாட முடியாதுதான். ஆனா, வாயை மூடிக்கிட்டு முணுமுணுக்க ரொம்ப வசதியா இருக்கும்ங்கறது எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. முக்கா இன்ஜினியருக்கு மூளை முக்கா வேகம்.

"ஏன், என்னாச்சு? பாதியிலயே வந்துட்டீங்க?"

"தண்ணி குடிக்க."

"இந்தாங்க குடிச்சுட்டுப் போங்க. நான் கதவைச் சாத்தறேன்."

"இரு, இரு. நீயும் வாயேன். சேந்து பாப்போம்."

"தனியாப் பாக்கணும்னு சொன்னீங்களே! எனக்கும் வேலை கிடக்கு. பல்லக்கா கிளினிக்குக்குப் பன்னெண்டு கோட்டு. அடுத்த திங்கக்கிழமை குடுக்கணும்."

"அந்த வேலையை அங்க வந்து செய்யேன்!"

"மிஷின் இல்லாமலா?"

"மிஷினையும் எடுத்துட்டு வா!"

அவ யோசிச்சா. ரொம்ப நேரம் யோசிச்சா. "வேணாங்க. உங்க ரூம். மிஷின் சத்தம் படத்தைக் கெடுத்துடும்."

"கெடுக்கட்டும்! நல்லாக் கெடுக்கட்டும்!"

"அக்கா கேட்டா?"

"ஸ்பீக்கர் ஓடுது, கதவு சாத்தியிருக்கு, ஹெட்போன் இல்ல. 'தனியா'ங்கறது ஒண்ணுதானே குறை? நாமெல்லாம் ஒண்ணுதானே? ஈருடல் ஓருயிர்! ரெண்டா எண்ணக் கூடாது!"

"அப்படியா சொல்றீங்க? ஆனா என்னால தூக்க முடியாதுங்க. இரும்புக் கால். தம்பியும் ஊர்ல இல்ல."

தூக்கினேன். நானே தூக்கினேன். அந்த மிஷின் எவ்வளவு கனம்னா, கல்யாணத்தப்ப அதைத் தூக்கிட்டு வந்த ஆள் இன்னும் குனிஞ்சுதான் நடக்கறாராம். மிஷின், வெட்டற மேஜை, இஸ்திரிப் பெட்டி, நூல் டப்பா, துணி மூட்டை ஏழு. எல்லாம் என் கையால. கடைசியா ஒரு பொம்மை. துணி மாட்டிப் பாக்கற பொம்மை. தலை கிடையாது. அதை இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கிட்டேன்.

மிஷினை எங்க வைக்கறதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள, "ஜன்னலுக்கு இடது பக்கம், சுவத்துல இருந்து ஒரு சாண்"னா. வச்சேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. அவ ஒரு பையைத் திறந்து ஒரு திரைச்சீலையை எடுத்தா. ஓரம் அடிச்சு, கம்பி கோக்கற மடிப்பு வச்சு, ரெடியா. ஜன்னல்ல மாட்டினா. ஒரு விரல்கடை கூடக் குறையல.

"இதுக்கு எப்ப அளவெடுத்தே?"

"காலையில பிரசங்கம் பண்றப்ப ஜன்னலோரமா நின்னீங்கல்ல? உங்க சட்டை அளவு எனக்கு அத்துப்படி. ஜன்னல் உங்க தோள் அகலத்துல ரெண்டு, சட்டை நீளத்துல ஒன்றரை."

"அப்ப... நான் சத்தம் வைக்காமப் பாக்கறது உனக்கு..."

"உங்க ஹெட்போன் கசியும்ங்க." ஊசியில நூலைக் கோத்தா. "மூணு வருஷமா கசியுது. அந்தக் காமெடி எல்லாம் எனக்கு மனப்பாடம். செத்த வீட்டு சீன்ல நீங்க தொடையைத் தட்டிச் சிரிச்சப்பவே விசாரிக்கலாம்னு பாத்தேன். சரி, என்னைக்காவது உதவும்னு விட்டுட்டேன்."

அடுத்த ஞாயித்துக்கிழமை. பல்லக்கா குடுத்த தீர்ப்புல ஒரு எழுத்துக் கூட மாறல. ஜன்னல் ரூம் என்னுது. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட என் சம்சாரமே, 'அது அவரோட ரூம்'னு மரியாதையாச் சொல்றா. வராம இருந்த நாலு கஸ்டமரும் வந்துட்டாங்க. கூடப் புதுசா ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் மிஷின் இருந்த இடத்துல, நடையில, ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். யாராவது பாத்ரூம் போகணும்னா எந்திரிச்சு ஸ்டூலை நகத்தறேன்.

அன்னைக்கு ஒரு ரோஷம் வந்துடுச்சு. என்ன இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதானே? சாத்தியிருந்த கதவுக்கு முன்னாடி போய் நின்னு சத்தமாச் சொன்னேன். "யாரு உள்ள? இது என் ரூம்! நான் இப்ப வரணும்!"

உள்ள இருந்து பல்லக்கா குரல் வந்துச்சு.

"தெரியும் தம்பி, தீர்ப்பு சொன்னதே நான்தானே. கொஞ்சம் வெளியவே நில்லுங்க, கோட்டு போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."